இரண்டு குழாய் ரத்தம்

மார்ச் 4

சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. கையெழுத்து என்னுடையது இல்லை, பயந்துவிடாதே. இந்த நாட்டு வைத்தியசாலையில் கண்ணுக்குக் கட்டுப் போடுகிற அம்மாவிடம் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். "கட்டுக்காரம்மான்னே கூப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். போனை வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். போனில் பேசினால் நான் கத்துவேன், கத்தினால் கண்ணில் மறுபடி ரத்தம் ஏறும் என்கிறார் வைத்தியர். நம் வீட்டு லட்சணத்தை அவருக்கு யார் சொன்னார்களோ.

என் அறை எட்டடிக்குப் பத்தடி. பார்த்துச் சொல்லவில்லை, காலால் அளந்து சொல்கிறேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டு. "போனது வலதுதானே, இடதை எதுக்குக் கட்டறீங்க" என்று சண்டை போட்டுப் பார்த்தேன். ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே அசையுமாம். படுக்கக் கூடாது. நான்கு தலையணை வைத்துச் சாய்ந்தபடியேதான் தூங்க வேண்டும், அப்போதுதான் ரத்தம் அடியில் படியுமாம். குனியக் கூடாது, தும்மக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரிக்கவும் கூடாதாம்.

காலையில் நெற்றியில் மோரை நூல் மாதிரி ஒரு மணி நேரம் விடுகிறார்கள். பிறகு இமை மேல் பச்சிலைப் பற்று. சாயங்காலம் பால் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தைக் கண் மேல் தாரையாக ஊற்றுகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் கட்டை அவிழ்ப்பது. வலது கண்ணில் இன்னும் சிவப்புத் திரைதான். அன்றைக்கு லேபில் மைக்ராஸ்கோப் மேல் குனிந்திருந்தபோது புகைக்கரி மாதிரி நூல் நூலாக வந்ததே, ஸ்லைடில் தூசி என்று மூன்று முறை துடைத்தேனே, அந்தத் தூசி இன்னும் உள்ளேயே தொங்குகிறது. இருபத்திரண்டு வருடம் ஊரார் ரத்தத்தைப் பார்த்தவளுக்கு இப்போது தன் ரத்தம். போகட்டும், இடது கண் நன்றாக இருக்கிறது. அது இருக்கிறவரை எனக்கு வேலையும் இருக்கிறது.

வந்த அன்றே வைத்தியர் சுகர் உண்டா என்று கேட்டார். கண்ணில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாம். இரண்டு வருடத்துக்கு முன்பு லேபில் நம் எல்லோருக்கும் எடுத்த பரிசோதனைத் தாளைக் கொடுத்தேன். சுகர் சுத்தம். "புதுசா ஒண்ணு எடுத்துடலாமே" என்றார். ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவளே நான்தான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ரெண்டு கண்ணும் போனப்புறம் என்னைக் கூப்பிடாத" என்று சொல்லி, பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாய். கண்ணுக்குள் ஊசி குத்துகிற ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாயே, அதையும் மறக்கவில்லை. இருந்தாலும் பதில் எழுது. இங்கே சுவர் மட்டும்தான் பேச்சுத் துணை.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கட்டுக்காரம்மாவின் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

வாசலில் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் பார்த்து, எங்கே கசிகிறது, ஏன் கசிகிறது என்று சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு நீ வைத்தியசாலைக்குப் போயிருந்தால் நானே கூட வந்து மோர் ஊற்றியிருப்பேன். எனக்கு வைத்தியர் மேல் கோபம் இல்லை. என்ன நோய் என்று தெரிந்துகொள்ளாமல் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டாயே, அதுதான் கோபம்.

உன் நாற்காலியில் இப்போது நான்தான். எனக்கு உயரம் பத்தவில்லை, பழைய பேப்பர்க் கட்டின் மேல் உட்காருகிறேன். ரத்தம் எடுப்பதும் நான், பார்ப்பதும் நான், கையெழுத்தும் நான். ஒருநாள்கூட லீவு போட முடியாது.

செவ்வாய்க்கிழமை டிராயிங் மாஸ்டர் வந்தார். ஆமாம், அவரேதான். இரண்டு வருடத்துக்கு முன்பு என்னைப் பெண் பார்த்து, எனக்கு சுகர் இருக்கிறது என்று நானே தாளைக் காட்டியதும் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனவர். இப்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், நான்காவது மாதம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த விலைப்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நான் அந்தப் பெண்ணிடம் பேரைக் கேட்டேன். ராஜாவே வந்தாலும், தன் வாயால் பேரைச் சொன்ன பிறகுதான் குழாயில் லேபிள் ஒட்ட வேண்டும் என்பது நீ போட்ட சட்டமாயிற்றே. சொன்னாள். ஒட்டினேன். 

நான் வழக்கம்போலத்தான். விடிந்ததும் முக்கால் மணி நேர நடை, சர்க்கரை போடாத காப்பி. நம் லேப் டாக்டரம்மா பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள், நான் கத்தியைக் கழுவினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு சுகர் பார்த்து "நல்ல கண்ட்ரோல்டி" என்று சொல்ல நீ இல்லை. வந்ததும் பார். உன் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

இருபத்தொரு நாள் பார்வையாளர் கிடையாது என்று ஆபீஸில் சொன்னார்கள். இடது கண்ணில் ஏதாவது மாற்றம் இருந்தால் மறைக்காமல் எழுது.

சின்னவள்


மார்ச் 12

சின்னவளுக்கு,

நேற்று வலது கண்ணுக்கு முன்னால் வைத்தியர் விரலை நீட்டினார். "ரெண்டு" என்றேன். இரண்டேதான். திரை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நீ கேட்டால் தானாகவே வடிந்திருக்கும் என்பாய், தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்ல எனக்கு ஆசை.

ரத்தம் நிற்பதற்கென்று ஒரு லேகியம் தருகிறார்கள். திராட்சையும் கற்கண்டும் நெய்யும் போட்டுக் கிண்டியது, காலையும் மாலையும் ஒரு உருண்டை. உனக்குக் காட்டிக் காட்டிச் சாப்பிடலாம், நீ இல்லையே என்று இருக்கிறது.

முதல் ஐந்தாறு நாள் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை. கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு எட்டு வைக்க வேண்டும், கதவிலிருந்து குளியலறைக்கு நாலு. பகலா ராத்திரியா என்று சாப்பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். யாராவது நடந்து போனால் என் கதவைத்தான் திறக்கப் போகிறார்கள் என்று முதுகை நிமிர்த்தி உட்காருகிறேன். அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் வேண்டாத நினைப்பெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுந்து போய் வேறு வேலை பார்க்க முடியாது என்பது தெரிந்திருக்கவில்லை.

டிராயிங் மாஸ்டரைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பகுதியைக் கட்டுக்காரம்மா படித்ததும், போதும், நாளைக்குப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவரை மறந்துவிடு.

அக்கா

(நான் கட்டுக்காரம்மா. இதை நானாக எழுதுகிறேன், அக்காவுக்குத் தெரியாது. தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டில் இருந்து யாராவது இனிப்பு கொடுத்து அனுப்பினீர்களா? அவர் போய்வந்த பிறகு குளியலறையில் எறும்பு வரிசை கட்டி நிற்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன், மறுபடி வருகிறது. தண்ணீரும் ஒரு நாளைக்கு நாலு கூஜா கேட்கிறார்.)


மார்ச் 15

அக்காவுக்கு,

வைத்தியரிடம் நேற்று போனில் பேசினேன். லேகியத்தை நிறுத்தச் சொன்னேன். உன் விரலைக் குத்தி உடனே சுகர் பார்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எறும்பு என்று மட்டும் சொன்னேன். உடனே யாரையோ கூப்பிட்டு சுகர் பார்க்கிற கருவியைக் கொண்டுவரச் சொன்னார்.

கட்டுக்காரம்மாவைத் திட்டாதே. அவர் இனிப்பு என்று நினைத்து எழுதினார். சிறுநீரில் சர்க்கரை போனால்தான் அப்படி எறும்பு வரும் என்று லேபில் இருக்கிற எனக்குத்தான் தெரியும். உனக்கும் தெரியும்.

எவ்வளவு வந்தது என்று எழுது. வேறு ஒன்றும் இப்போது எழுத முடியவில்லை.

சின்னவள்


மார்ச் 18

சின்னவளுக்கு,

முந்நூற்று நாற்பது. சந்தோஷமா?

கட்டுக்காரம்மாவை நான் திட்டவில்லை. அவர் உன் கடிதத்தில் தன் பேர் வந்ததும் தானே படிப்பதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார். நான்தான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

வைத்தியர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. "இது யாரோட ரிப்போர்ட்டும்மா?" என்றார். என்னுடையதுதான், இரண்டு வருடத்தில் வந்திருக்கும் என்றேன். இது இரண்டு வருடத்தில் வருகிற சேதம் மாதிரி இல்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உள்ள சிந்துன ரத்தத்தை வடிய வைக்க நான் பாக்கலாம். குழாயே ஒழுகிக்கிட்டிருந்தா நான் தொடைச்சுக்கிட்டேதான் இருக்கணும். இடது கண்ணை அவங்ககிட்ட காட்டிட்டு வாங்க. ஒழுகற இடத்தை அடைக்கிற வசதி அவங்ககிட்டதான் இருக்கு. அப்புறம் நான் இருக்கேன்" என்றார். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

நான் போக மாட்டேன். அங்கே போனால் எப்போதிலிருந்து சுகர், யார் பார்த்தது, ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்பார்கள். இங்கே இருட்டு இருந்தாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த அறையில் மூச்சு முட்டுகிறது, வெளியே வரவும் பயமாக இருக்கிறது. உனக்கு இது புரியாது.

அக்கா

(மறுபடி நான்தான். இதை எழுத வேண்டாம் என்று அக்கா சொன்னார், அதனால் அவர் சொன்னதை முடித்துவிட்டுக் கடைசியில் நானாக எழுதுகிறேன். நேற்றுத் தாரை ஊற்றக் கட்டை அவிழ்த்தபோது இடது கண்ணிலும் கரி நூல் ஒன்று மிதக்கிறது என்றார். அப்போதிலிருந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவும் கையை எடுக்க மாட்டேன் என்கிறார். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.)


மார்ச் 20

கட்டுக்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை: நடுவில் நிறுத்தாமல், எதையும் விடாமல் அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அக்காவுக்கு,

எறும்பு என்று படித்த அன்றைக்கு நான் அலமாரியிலிருந்து நம் இருவருடைய பழைய தாளையும் எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தையது. உன் பேரில் சுகர் சுத்தம், என் பேரில் இருநூற்று ஐம்பது. அது எனக்குத் தெரிந்ததுதான். அதற்கு மேலே இருந்த வரியை அன்று நான் பார்க்கவே இல்லை. சுகரைப் பார்த்த அதிர்ச்சியில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது பார்த்தேன். என் பேரில் ஹீமோகுளோபின் ஒன்பது. உன் பேரில் பதின்மூன்று.

ஒன்பது நீ. கீரை, பேரீச்சை, இரும்பு மாத்திரை என்று எதைத் தின்றாலும் ஒன்பதைத் தாண்டாதவள் நீ. பதின்மூன்று நான்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்பி போட்டேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. எனக்கு ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை என்று நின்றபடியே குடித்தேன். பாதி டம்ளரில்தான், அப்படியானால் அந்த இருநூற்று ஐம்பது யாருடையது என்று உறைத்தது. மீதியைக் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.  இரண்டு மணி நேரம் கழித்து என் ரத்தத்தைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

அன்றைக்கு நம் இருவருக்கும் ரத்தம் எடுத்தது நான். உனக்கு எடுத்தேன், எனக்கு நானே எடுத்துக்கொண்டேன், இரண்டு குழாயையும் மேஜையில் வைத்தேன். வெளியே கூட்டம் நின்றது. ராஜாவே வந்தாலும் கேட்கிற கேள்வியை உன்னிடம் நான் கேட்கவில்லை. சொந்த அக்காவிடம் உங்க பேர் என்ன என்று யார் கேட்பார்கள்? சிரிப்பு வராதா? கேட்காமல் ஒட்டினேன். மாற்றி ஒட்டினேன்.

நீ சுத்தம் என்று தாள் சொன்னதால் நீ இனிப்பு எதையும் விடவில்லை. உன் கண்ணில் ரத்தம் வந்தது என் கையால்தான். ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்ல வைத்தியசாலை கேட் வரை வந்தேன். கறுப்புத் துணி போட்ட ஜன்னல் எது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

வலது கண்ணை என்னால் திருப்பித் தர முடியாது. இடது கண்ணையாவது ஆஸ்பத்திரியில் காட்டு. என் மேல் உள்ள கோபத்தை அந்தக் கண் மேல் காட்டாதே.

இன்னொன்று. இரண்டு தாளிலும் கையெழுத்து உன்னுடையது. எண்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறவள் நீ. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவள்


மார்ச் 22

சின்னவளே,

இதை நானே எழுதுகிறேன். கட்டு கண்ணில்தான் இருக்கிறது. மருந்துப் பெட்டி அட்டையைத் தாளில் அழுத்தி வைத்து, அதன் விளிம்பை ஒட்டி எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் அட்டையை ஒரு விரல் இறக்குகிறேன். வரி மேல் வரி ஏறியிருந்தால் மன்னித்துக்கொள். இதைச் சொல்லி எழுத வைக்க முடியாது. கட்டுக்காரம்மா சாப்பிடப் போயிருக்கிறார்.

நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

பார்த்தேன். என் பேருக்கு எதிரே பதின்மூன்று என்று இருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். நீ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தைக்கு விளையாட்டுக் காட்டி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாய். பேனாவை மூடினேன். மறுபடி திறந்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லையடி, நிம்மதி. எனக்கு இல்லை என்று ஒரு தாள் சொல்லிவிட்டதே என்கிற நிம்மதி.

அம்மாவுக்குப் பதினோரு வருடம் சுகருக்கு இன்சுலின் ஊசி போட்டவள் நான். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். வயிற்றில் குத்த இடம் இல்லாமல் தேடித் தேடிக் குத்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் காலை வெட்டி எடுத்த அன்று வராந்தாவில் நின்றதும் நான்தான். அந்த நோய் எனக்கு என்று என் பேருக்கு எதிரே எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீ நடக்கக் கிளம்பிவிட்டாய். மாத்திரை வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னைத் தடுத்தேனே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல கண்ட்ரோல் என்று உன் முதுகில் தட்டினேன். நீ சந்தோஷப்பட்டாய்.

டிராயிங் மாஸ்டர் வந்த அன்று நான் சமையலறையில் நின்றிருந்தேன். நீ தாளை எடுத்து நீட்டியது கேட்டது. நாலு எட்டு வைத்து வெளியே வந்து, அது அவ தாள் இல்ல, என்னோடது என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை. இந்த இருட்டில் தினமும் அந்த நாலு எட்டைத்தான் நடக்கிறேன். லேகியத்தைத் தின்னும்போதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒவ்வொரு உருண்டையாக விழுங்கினேன்.

அதனால் என் கண் போனது உன்னால் இல்லை. உன் கடிதத்தில் எனக்குப் பொறுக்காத வரி அது ஒன்றுதான். நீ லேபிளை மாற்றி ஒட்டியதால் எனக்குத் தெரியாமல் போகவில்லை. உனக்குத்தான் தெரியாமல் போனது.

வைத்தியரிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சுகர் கட்டுக்குள் வந்து, ஆஸ்பத்திரியில் ஒழுகும் இடத்தை அடைத்த பிறகு வலது கண்ணைப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு திரும்பும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கட்டுக்காரம்மா துணைக்கு வருவார். உனக்கு அந்த உரிமை உண்டு.

வருவதாக இருந்தால், கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வராதே, எடுத்துக்கொண்டே வா. ஒரு குழாயும் ஊசியும் கொண்டு வா. ஆஸ்பத்திரியில் சுகரின் மூன்று மாதச் சராசரி கேட்பார்கள், நம் லேபிலேயே நீ பார். குத்துவதற்கு முன் உங்க பேர் என்ன என்று என்னைக் கேள். தெரியாதவளிடம் கேட்பது மாதிரியே கேள். நான் முழுப் பேரையும் சொல்கிறேன். சிரிக்க மாட்டேன். நீ அதை லேபிளில் எழுது. கண்ணில் கட்டு இருந்தாலும் பேனா சத்தம் எனக்குக் கேட்கும்.

அக்கா